வீரம்மாவும் பத்தாயிரமாவது வாசலும்

செண்பகனூர் மருத்துவமனையில் வீரம்மாவுக்குச் சீட்டு எழுதும் வேலை. பன்னிரண்டு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவள். பத்தாவதுக்கு மேல் படிக்க வசதியில்லை. நோயாளிகளின் விவரமெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது, மிரளாமல் முதலில் உட்கார்ந்தவளும் அவள்தான்.

ஒரே தொல்லை, எல்லா விவரமும் தங்கும் தாய்க் கம்ப்யூட்டரான சர்வர். புதிதாக ஓர் ஊழியரின் பெயரைச் சேர்க்க வேண்டுமானாலும் அதன் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும். அதற்கு மதுரையிலிருந்து கம்ப்யூட்டர் பொறியாளர் ஹரிகிருஷ்ணன் மலையேறி வர வேண்டும். எந்த மேசையிலிருந்தும் பிரவுசரிலேயே சர்வரைக் கவனித்துக்கொள்ள ஒரு மென்பொருள் உண்டு என்று சொல்லி, அதன் சி.டி.யையும் குறிப்புத் தாள்களையும் அவர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அடுத்த முறை வந்து போடுவதாகப் பேச்சு.

2005 நவம்பர் மழையில் மலைப்பாதை சரிந்தது. அதற்கு முதல் நாள்தான் மூன்று புது நர்சுகள் வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களால் ஒரு நோயாளியின் விவரத்தைக்கூடத் திறக்க முடியவில்லை. வீரம்மா ஹரிகிருஷ்ணனுக்குப் போன் போட்டாள்.

"சார், நானே போட்டுப் பாக்கட்டுங்களா?"

"ஏதாச்சும் தப்பா அமுக்கிட்டா மொத்தமும் போயிரும்மா."

"எல்லாத்தையும் நேத்தே சி.டி.யில நகல் எடுத்து வச்சிட்டேன் சார்."

"சரி, போடுங்க" என்றார்.

குறிப்பை வரிவரியாகப் படித்து, எழுத்தெழுத்தாக அடித்தாள். மென்பொருள் ஏறியது. ஆனால் அவள் மேசைக் கம்ப்யூட்டரில் பக்கம் திறக்கவில்லை. சர்வரிலேயே பார்த்தால் திறந்தது. உள்ளே திறக்கிறது, வெளியே திறக்கவில்லை என்றால் நடுவில் ஏதோ மறிக்கிறது என்று யோசித்தாள். தாள்களைப் புரட்டினாள். பத்தாயிரம் என்ற எண்ணுள்ள வாசல் வழியாகத்தான் மென்பொருள் பேசும். சர்வரின் காவல் மென்பொருள் அதை அடைத்து வைத்திருந்தது. சர்வரையே மாற்றக்கூடிய அந்த வாசலை எல்லாருக்கும் திறந்துவிட அவளுக்கு மனமில்லை. தன் மேசைக்கும் டாக்டர் மேசைக்கும் மட்டும் திறந்தாள்.

பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு பக்கம் வந்து நின்றது. வீரம்மா குறிப்பில் இருந்ததை அடித்து உள்ளே போனாள். பத்தே நிமிடத்தில் மூன்று பெயர்களையும் சேர்த்துவிட்டாள்.

"அக்கா, எனக்கு நோயாளி விவரம் திறந்திருச்சு!" என்று வார்டிலிருந்து கத்தினாள் புது நர்சு அர்ஃபா.

பாதை சீரானதும் ஹரிகிருஷ்ணன் வந்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். "ரெண்டு மேசைக்கு மட்டும் திறக்கணும்னு யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. நோயாளிக விவரம் கெடக்குற எடம், எல்லாரும் நொழையலாமா?"

அவர் சிரித்தார். "பாச்சலூர் கிளினிக்குலயும் இதைப் போடணும். நீங்களே போயிட்டு வந்துருங்க."

அடுத்த வாரம் வெள்ளனே பஸ் பிடித்தாள். பாச்சலூர் கிளினிக் வாசலில் வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். 'வேலை' என்ற கட்டத்தில் சீட்டு எழுத்தர் என்று எழுதப்போன கையை நிறுத்தி, 'சர்வர் பொறுப்பாளர்' என்று அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.