ராஜையனின் பிடில் போன வருஷம்

மயிலாடிக்குப் பக்கத்து ஊர் ராஜையனுக்கு இரண்டு வேலை. வாரநாளில் மயிலாடியில் கொத்தி வைத்த அம்மியையும் ஆட்டுக்கல்லையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கருங்கல் சந்தையில் விற்பார். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் சபையார் பாடப் பிடில் வாசிப்பார். முதலாவது சோற்றுக்கு. இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும், "உமக்கு என்ன தொழில்?" என்று யாராவது கேட்டால் அம்மியைப் பற்றி வாயே திறக்கமாட்டார்.

கல் தூக்கிக் காய்த்துப்போன அந்த விரல்கள் கம்பிமேல் எப்படி ஓடுகின்றன என்பது ஊருக்கே ஆச்சரியம். வாலிப வயதில் காளை வாங்க வைத்திருந்த பணத்தோடு திருவனந்தபுரம் போய்ப் பிடிலோடு திரும்பி வந்த மனிதர் அவர். மனைவி ஜெபகனி அதை இன்றுவரை சொல்லிக்காட்டுவாள். அந்தப் பிடிலைச் சுற்றிவைக்கத் தன் சேலையில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தவளும் அவள்தான்.

நல்ல மனிதர். ஆனால் சுருதி விலகினால் மட்டும் பொறுக்கமாட்டார். பாடுவது ஊரார் 'ஐயர்' என்று கூப்பிடும் போதகரே ஆனாலும் வில்லைத் தூக்கிக் காட்டி நிறுத்திவிடுவார். பாட்டுக்குழுவில் முதல் குரல் செல்வதாஸ் என்ற, வயல் உழும் சம்சாரியுடையது. கனத்த குரல், வெள்ளை மனசு, எப்போதும் 'அண்ணே, அண்ணே' என்று ராஜையனையே சுற்றி வருகிறவன். 1951 ஆவணியில் அவனுடைய தங்கைக்குக் கல்யாணம். அண்ணன்காரன் சந்தோஷத்தில் முதல் பாட்டைக் கொஞ்சம் மேலே எடுத்துவிட்டான். ராஜையன் வில்லைத் தூக்கினார்.

"ஏலே, எங்கலே போற? தென்னையில ஏறிட்டியா? எறங்கி வா!"

மாப்பிள்ளை வீட்டார் உட்படக் கோயிலே சிரித்தது. செல்வதாஸும் கூடச் சிரித்துவிட்டு இறங்கிப் பாடினான். ராஜையன் அன்றைக்குச் சாயங்காலமே அதை மறந்துபோனார். சொன்னவருக்கு மறப்பதில் என்ன கஷ்டம்?

அடுத்த ஞாயிறு கோயில் அலமாரியைத் திறந்தால் பிடில் பெட்டியைக் காணோம். அலமாரிக்குப் பூட்டு கிடையாது. கோயிலுக்குள் வந்து யார் திருடப்போகிறார்கள் என்று இருந்துவிட்டார்கள். ராஜையன் அலமாரிக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். கும்பிட வந்தவர்கள் துக்க வீட்டுக்கு வந்ததுபோல ஒவ்வொருவராக அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

போலீஸில் எழுதிக் கொடுத்தார். ஏட்டு நல்லவர்தான், ஆனால் பிடிலை அடுத்திருந்து பார்த்ததில்லை. "எடை எத்தன ராத்தல் இருக்கும்?" என்று கேட்டார். அம்மி என்றால் ராஜையன் சொல்லியிருப்பார்.

அதன்பிறகு அவர் வண்டி போன இடமெல்லாம் வியாபாரம் பாதி, விசாரணை பாதி. அம்மி பார்க்க வந்த பெண்களிடம், "உங்க பக்கத்துல யாராவது புதுசா பிடில் வாசிக்காங்களா, தாயீ?" என்று கேட்பார். அவர்கள் அம்மியை விட்டுவிட்டு அவரைப் பார்ப்பார்கள். தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு வீட்டில் கம்பி வாத்தியம் கேட்கிறது என்று கருங்கல் சந்தையில் ஒருவன் சொன்னான். அன்றைக்கு வண்டியில் கூட வந்திருந்தவன் செல்வதாஸ். "வேண்டாம்ணே, அங்க இருக்காது" என்றான். ராஜையன் கேட்கவில்லை. வண்டியைச் சந்தையில் விட்டுவிட்டு இருவரும் வெயிலில் நடந்தார்கள். அந்த வீட்டில் இருந்தது கட்டையை அழுத்தி வாசிக்கும் புல்புல்தாரா. வீட்டுக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினார். திரும்பி வரும் வழியெல்லாம் செல்வதாஸ் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டே நடந்தான். தனக்காக இப்படி வருத்தப்படுகிறானே என்று ராஜையனுக்கு நெஞ்சு இளகிவிட்டது.

பள்ளிக்கூடத்து ஆர்மோனியத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். துருத்தியில் ஓட்டை. நாலு அடி பாடுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது. வேறு பிடில் வாங்கலாம் என்றார் போதகர். வாங்கினால் தன் பிடில் செத்துப்போனதாக ஆகிவிடும் என்று ராஜையனுக்குப் பட்டது. கிறிஸ்மஸும் பிடில் இல்லாமலே போயிற்று. சபை தன் இஷ்டத்துக்குப் பாடியது. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

கும்பப்பூ நெல் அறுத்து முடிந்ததும் பங்குனியில் அறுப்பின் பண்டிகை. முதல் நெல், முதல் வாழைக்குலை, முதல் முட்டை, சேவல், பூசணி என்று அவரவர் கொண்டுவந்து பலிபீடத்தின் முன்னால் வைப்பார்கள். யார் எதை வைத்தார் என்று கேட்கிற வழக்கம் இல்லை. வைத்துவிட்டால் அது கர்த்தருடையது. ஆராதனை முடிந்து முற்றத்தில் ஏலம் விடுவார்கள். வேண்டியவர்கள் ஏலத்தில்தான் எடுக்கவேண்டும். ஆசையாக வளர்த்த சேவலைக் காணிக்கையாக வைத்துவிட்டு, மனசு கேட்காமல் தானே ஏலத்தில் எடுத்து வீட்டுக்குத் தூக்கிப் போகிறவர்களும் உண்டு.

அந்த வருஷம், கோயில் வேலை பார்த்து ஏலமும் விடுகிற கோயில்பிள்ளை, முற்றத்தில் குவித்திருந்த பூசணிகளுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை உருவினார். உள்ளே பிடில் பெட்டி.

முற்றம் கொந்தளித்தது. "வச்சவன் யாருன்னு கேளுங்க ஐயரே!" "ஏட்டைக் கூட்டிட்டு வாங்கலே!" என்று ஆளுக்கொரு குரல். ராஜையன் போய்ப் பெட்டியைத் திறந்தார். ஜெபகனியின் சேலைத்துண்டு சுற்றியபடியே இருந்தது. வில்லின் முடி தளர்த்தி வைக்கப்பட்டிருந்தது. வாசித்து முடித்தால் வில்லைத் தளர்த்த வேண்டும் என்று வழிப்போக்குத் திருடனுக்கு எப்படித் தெரியும்? வருஷக்கணக்காகப் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

நிமிர்ந்தார். ஆண்கள் பக்கம் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருக்க, செல்வதாஸ் மட்டும் தரையைப் பார்த்தான். கல்யாணத்தன்று கோயில் சிரித்த சிரிப்பு இத்தனை மாதம் கழித்து அப்போதுதான் ராஜையன் காதில் விழுந்தது.

"உம்ம பொருள்தானே ராஜையன், எடுத்துக்கிடும்" என்றார் போதகர். "வச்ச ஆளைப் பொறவு விசாரிக்கலாம்."

"விசாரிக்கக் கூடாது ஐயரே. காணிக்கையா வச்சதுல்லா? ஏலம் விளியுங்கோ" என்றார் ராஜையன், பெட்டியை மூடிக்கொண்டே.

வேறு யார் கேட்பார்கள்? ராஜையன் ஒரு ரூபாயில் ஆரம்பித்தார். கோயில்பிள்ளை முடிக்க வாயெடுக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் அதற்கு மேலே விலை கேட்டது. செல்வதாஸ். ஜனம் அவனைத் திரும்பிப் பார்த்து முணுமுணுத்தது. ராஜையன் ஏற்றினார். அவனும் ஏற்றினான். இவனுக்கு என்னைப் பழிவாங்கி இன்னும் தீரவில்லையா என்று ராஜையனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மறுபடி ஏற்றினார். அவன் ஒரு கன்றுக்குட்டியின் விலையைச் சொன்னான். சொல்லும்போது அவன் உதடு நடுங்கியது. பழிவாங்குகிறவனுக்கு உதடு நடுங்குமா?

ராஜையன் வாயை மூடிக்கொண்டார்.

"விட்டுராதிங்க! கேளுங்க!" என்று பெண்கள் பக்கமிருந்து ஜெபகனி கத்தியேவிட்டாள். கோயில்பிள்ளை ராஜையன் முகத்தைப் பார்த்துப் பார்த்து நிதானமாக மூன்று தரம் விளித்தார். ராஜையன் நினைத்தது தப்பாக இருந்தால் பிடில் இரண்டாம் முறையும் போச்சு, இனி கேட்கவும் வழியில்லை. அப்படியும் பேசவில்லை. பிடில் கை மாறிவிட்டது.

செல்வதாஸ் பெட்டியை வாங்கினான். கூட்டம் விலகி வழிவிட, நேராக வந்து ராஜையன் முன்னால் தரையில் உட்கார்ந்து, பெட்டியை அவர் மடியில் வைத்தான்.

"ஒரு கம்பி அறுந்துபோச்சுண்ணே" என்றான், எல்லோரும் கேட்கும்படி. "நான் தொட்டப்பம் அறுந்தது."

ராஜையன் துணியைப் பிரித்துப் பிடிலை எடுத்தார். கண் நிறைந்து கம்பி தெரியவில்லை. விரலால் தடவித்தான் எண்ணினார்.

"மூணு கம்பி இருக்குல்லா மக்கா" என்றார். "பாடு."