நிறையாத தொட்டி

எங்கள் வீட்டுச் செப்டிக் டேங்க் ஒருமுறைகூட நிறைந்ததில்லை. மாமனார் வீடு கட்டும்போது போட்ட தொட்டி அது. தெருவில் மற்றவர்கள் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை டேங்கர் லாரியைக் கூப்பிடுவார்கள். எங்கள் வாசலில் அந்த லாரி நின்றதே கிடையாது. "எங்கப்பா போட்ட தொட்டியாக்கும்" என்று என் கணவர் சொல்லிக்கொள்வார். நானும் அதைப் பெருமை என்றே நினைத்திருந்தேன்.

மாநில எல்லையோரத்தில், நல்லேப்பிள்ளியை ஒட்டிய ஊர் எங்களுடையது. கருப்புக் களிமண். மழையில் ஊறி உப்பும், பங்குனி சித்திரையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். நெல்லுக்கு நல்ல மண், வீட்டுக்கு ஆகாது. ஒவ்வொரு வருடமும் சுவரில் விரிசல் விடும், ஒவ்வொரு வருடமும் சிமெண்டு பூசுவோம். சுவரில் தெரிந்தது மண்ணுக்குள்ளும் நடக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

பாகம் பிரித்தபோது பழைய வீடு எங்களுக்கு வந்தது. பக்கத்து நிலமும் கிணறும் கொழுந்தனாருக்குப் போனது. அவர் அங்கே ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டார். அவர் தவறிய பிறகு என் ஓரகத்தியும் அவள் மகளும் மட்டும் அந்த வீட்டில் இருந்தார்கள். இரண்டு கறவை மாடு வைத்திருந்தாள். பாலை சொசைட்டிக்கு ஊற்றித்தான் மகளைப் படிக்க வைத்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர் ஒன்று. டீச்சர் வேலை முடிந்து நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அவள் அங்கே நின்றால் அரை மணி நேரம் பேச்சு ஓடும்.

ஒரு ஆடி மழையில் அவள் குடத்தோடு சுவரண்டை வந்தாள். கிணற்றுத் தண்ணீரை மோந்து பார்க்கச் சொன்னாள். மோந்தேன். அது என்ன நாற்றம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது வேறு. மாட்டுக் கொட்டாயைக் கிணற்றுக்கு இத்தனை பக்கத்தில் வைத்துக்கொண்டால் வேறு என்ன ஆகும் என்று கேட்டேன். அவள் தயங்கித் தயங்கி, உங்க தொட்டி சரியா இருக்குதுங்களா அக்கா என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் தொட்டி நிறைவதே இல்லை, உனக்குத் தெரியாதா என்று பிள்ளைகளை அதட்டுகிற குரலில் சொன்னேன். அவள் குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

வீடு வீடாக வரும் சுகாதார ஊழியரான ஆஷா பணியாளர் வந்து தண்ணீரைச் சோதனைக்கு எடுத்துப் போனார். கிருமி இருக்கிறது, கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று முடிவு வந்தது. எங்கிருந்து கலக்கிறது என்பதை அந்தக் காகிதம் சொல்லவில்லை. அவரிடமும் நான் கொட்டாயைத்தான் காட்டினேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். பிளீச்சிங் பவுடர் போட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஓரகத்தி இரண்டு மாட்டையும் வேலந்தாவளம் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுவிட்டாள். முழங்கால் வலி, பார்க்க முடியவில்லை என்றாள். நானும் நம்பினேன்.

அடுத்த மழைக்காலத்தில் அவள் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. நர்ஸிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தவள். பக்கத்துச் சித்தூர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தாள். பரீட்சை எழுத முடியவில்லை. நான் லீவு போட்டுவிட்டு மூன்று நாள் கூட இருந்தேன். கஞ்சி ஊட்டினேன். அவள் கண்ணின் மஞ்சளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குடத்துத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. கொட்டாய் காலியாகி ஒரு வருடம் ஆகப்போகிறது, நாற்றம் ஏன் போகவில்லை என்று யோசிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொள்வேன். காலேஜ் கேன்டீனில் எதையாவது சாப்பிட்டிருப்பாள் என்று கணவர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டேன்.

வந்த கோடையில் எங்கள் சமையலறைத் தரை ஒரு மூலையில் இறங்கியது. பின்கதவு சாத்த வரவில்லை. பார்க்க வந்த இன்ஜினியர், இந்த ஒரு இடத்தில் மட்டும் மண் ஈரமாக இருக்கிறது, அஸ்திவாரத்தில் கை வைப்பதற்கு முன்னால் கழிவுக் குழாயைக் கேமரா விட்டுப் பார்த்துவிடுங்கள் என்றார். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வேனில் வந்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். கக்கூஸுக்குப் பின்னாலிருந்த சேம்பர் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார். பாம்பு மாதிரி சுருண்டிருந்த கேபிளின் நுனியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கேமரா, அதைச் சுற்றி விளக்கு. கேபிளைக் குழாய்க்குள் தள்ளத் தள்ள, பெட்டியில் இருந்த திரையில் குழாயின் உள்பக்கம் நகர்ந்தது.

முதல் சில அடி சரியாக இருந்தது. சுட்ட மண் குழாய், பழுப்பேறியிருந்தது. அடுத்த இணைப்பில் ஒரு குழாய் கீழே இறங்கி, அடுத்தது மேலே நின்றது. நடுவே முடிக்கற்றை போல வேர் தொங்கியது. அவர் கேபிளை நிறுத்திவிட்டு, கடைசியாக எப்போது டேங்க் எடுத்தீர்கள் என்று கேட்டார். கணவர் வழக்கமான பெருமையோடு, எடுத்ததே இல்லை என்றார். வந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேரைத் தள்ளிக்கொண்டு கேமராவை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டார். அங்கே குழாய்க்கு அடிப்பாகமே இல்லை. கருப்பு மண்ணும் அதில் தேங்கிய கழிவும் விளக்கில் பளபளத்தது.

"இங்கிருந்து தொட்டிக்கு எதுவும் போகலீங்க," என்றார். "அத்தனையும் மண்ணுக்குள்ளதான் போயிருக்குது."

எத்தனை நாளாக என்று கேட்டேன். வேர் இத்தனை தடிமன் ஆகியிருப்பதைப் பார்த்தால் வருடக்கணக்கில் இருக்கும் என்றார். களிமண் கோடையில் சுருங்கும்போது குழாயையும் சேர்த்து இழுக்கும், இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் இது சகஜம் என்றும் சொன்னார். களிமண்ணில் தண்ணீர் இறங்காதே என்று கணவர் வாதாடினார். வெடிப்பு வழியாக இறங்கும், மழைக்கு ஊற்று மேலேறும்போது அதோடு கலக்கும் என்று பொறுமையாகப் பதில் வந்தது. பிறகு ஒரு கருவியைத் தரைமேல் நகர்த்திப் பார்த்து, உடைந்த இடத்துக்கு நேர்மேலே சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டார். வட்டத்திலிருந்து சுவர் மூன்று தப்படி. சுவரிலிருந்து கிணறு ஐந்து தப்படி. யாரும் கேட்காமலே நான் நடந்து பார்த்தேன்.

அவர் போனதும் கணவர் என்னைத் தனியே உட்கார வைத்துப் பேசினார். குழாயை மாற்றிவிடலாம், அவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும், பிள்ளையும் நல்லாகிவிட்டாளே என்றார். நான் சரி என்றேன். அதை மறைக்க மாட்டேன். இரண்டு நாள் அப்படியே இருந்தேன். மூன்றாம் நாள் ஓரகத்தி சுவரண்டை நின்று, என்ன வேலை நடக்கப்போகிறது என்று கேட்டாள். தரை இறங்கிவிட்டது, அதைச் சரி செய்கிறோம் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். எவ்வளவு சுலபமாக அந்தப் பொய் வந்துவிட்டது என்று எனக்கே பயமாகிவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போனை அவள் கையில் கொடுத்து கேமராக்காரர் அனுப்பியிருந்த வீடியோவைப் போட்டேன். இது எங்கள் குழாய், உடைந்திருப்பது உன் கிணற்றுக்கு எட்டுத் தப்படி தூரத்தில் என்றேன். அவள் இரண்டு தடவை பார்த்தாள். மகளும் வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மகள்தான் முதலில் பேசினாள்.

"கொட்டாய்னால்தான்னு நீங்க சொன்னதுக்குத்தானுங்க பெரியம்மா, அம்மா மாட்டை வித்துச்சு. முழங்கால் வலியெல்லாம் ஒண்ணுமில்ல."

"உடு கண்ணு," என்றாள் ஓரகத்தி. போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். கீரையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் கேட்டப்ப ஒரு தடவ அந்த மூடியைத் தொறந்து பாத்திருக்கலாமுங்க அக்கா."

போனைப் பைக்குள் போட்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அவள் போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். பழைய குழாயைத் தோண்டி எடுத்து, சுற்றிலும் மணல் போட்டு, மண் அசைந்தால் தானும் கொஞ்சம் அசைந்து கொடுக்கிற இணைப்போடு புதுக் குழாய் பதித்தோம். கிணற்றை மூன்று முறை இறைத்தோம். ஆஷா பணியாளரைத் தேடிப்போய், கொட்டாய் என்று நான் சொன்னது தப்பு, அதை மாற்றி எழுதுங்கள் என்றேன். பழைய காகிதம் மேலே போய்விட்டது டீச்சர் என்றார், ஆனாலும் நோட்டில் குறித்துக்கொண்டார். கணவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு காலையில் தானாகவே சுவரைச் சுற்றிக்கொண்டு அவள் வாசலுக்குப் போய், தப்பு எங்களுது என்றார். சரிங்க மாமா என்று மட்டும் சொன்னாளாம். ஒரு மாடாவது வாங்கித் தருகிறேன் என்று நான் கேட்டதற்கு, இனி மாடு வேண்டாமுங்க என்றாள். கிணற்றுத் தண்ணீர் இப்போது சுத்தம் என்று இரண்டு சோதனை சொல்லிவிட்டன. அவள் அதைச் செடிகளுக்கு மட்டும்தான் ஊற்றுகிறாள். பேசுவதற்கென்று சுவரண்டை வந்து நிற்பதும் இல்லை.

மகள் அடுத்த வருடம் பரீட்சை எழுதித் தேறினாள். கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று எங்கள் வாசலுக்கு வந்து, போயிட்டு வர்றனுங்க பெரியம்மா என்றாள். பஸ் ஸ்டாப்புக்கு நானும் போனேன். அம்மாவும் மகளும் ஒரு பக்கம் நிற்க, எங்கே நிற்பது என்று தெரியாமல் நான் பெயர்ப்பலகையை ஒட்டி நின்றேன். பஸ் வந்தது. பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் சேர்த்துக் கையாட்டினாள்.

பஸ் போன பிறகு இரண்டு பேரும் ஒரே வழியாகத்தான் வீட்டுக்கு வர வேண்டியிருந்தது. வாய்க்கால் பாலம் வரைக்கும் அவள் நாலடி முன்னாலேயே நடந்தாள். பாலத்தில் நின்று வயலைப் பார்த்தாள். இந்த வருஷம் நாத்து நடவு தள்ளிப்போகும் போலங்க என்றாள். ஆமாம் என்றேன். மீதி வழியையும் நடந்தோம்.