ஒப்புதல் பெற்ற வசவுகள்

எங்கள் மேலாளருக்கு மூன்று மொழிகளில் திட்டத் தெரியும். அதிகாரிகளை ஆங்கிலத்தில் திட்டுவார், குமாஸ்தாக்களை இந்தியில் திட்டுவார். தமிழர்களுக்கு மட்டும் தாய்மொழிச் சலுகை உண்டு. மொத்த அலுவலகத்திலும் அந்தச் சலுகைக்குத் தகுதி பெற்றவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர், என் பிரிவில் தட்டச்சும் தபாலும் பார்த்துவந்த ஒரு பெண்மணி.

ஃபோர்ட்டில் உள்ள ஒரு பொதுத்துறை அலுவலகம் அது. பெயர் வேண்டாம். என் பென்ஷன் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது. நான் அங்கே கண்காணிப்பாளராக இருந்தேன். விடுப்பு விதி, பயணப்படி விதி, நடத்தை விதி என எல்லாவற்றையும் பக்க எண்ணோடு சொல்வேன். இதனால் மேலாளர் என்னை "ரூல் புக்கு" என்றுதான் கூப்பிடுவார். "என்ன ஓய் ரூல் புக்கு, பென்ஷனைக் கனவு கண்டுண்டு உக்காந்திருக்கீரா?" என்று எட்டுப் பேர் முன்னால் கேட்பார். நான் சிரிப்பேன். மேலதிகாரி அடிக்கும் நகைச்சுவைக்குச் சிரிக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. ஆனாலும் சிரிப்பேன்.

அவர் பிறந்தது மாட்டுங்காவில். ஃப்ளாட் வாங்கியது டோம்பிவிலியில். தினமும் காலையில் ஒன்றேகால் மணி நேரம் ரயிலில் யார் யாரோ அவரை நசுக்குவார்கள். பத்து மணிக்கு வந்து அவர் எங்களை நசுக்குவார். மாலையில் ஐந்தே முக்கால் ஃபாஸ்ட் ரயிலைப் பிடித்தாக வேண்டும் என்பதால், அன்றைய கோப்புகளை எல்லாம் ஐந்து மணிக்கு மேஜைமேல் அடுக்கச் சொல்வார். 'பார்வையிட்டேன், ஒப்புதல்' என்று ஆங்கிலத்தில் ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்திருந்தார். குத்துவார், கையெழுத்துப் போடுவார், குத்துவார், கையெழுத்துப் போடுவார். இருபது நிமிடத்தில் நாற்பது கோப்பு. முத்திரையின் முதல் சொல் மட்டும் பொய்.

அந்தப் பெண்மணி தாராவியில் பிறந்து, திருமணமாகி சுனாபட்டிக்குப் போனவர். கணவர் எங்கள் அலுவலகத்திலேயே ஓட்டுநராக இருந்து, பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். கருணை அடிப்படையில் மனைவிக்கு வேலை கிடைத்தது. நாற்பது வயதில் தட்டச்சு கற்றுக்கொண்டு வந்து உட்கார்ந்தவர். இரண்டு ஆண்டு தகுதிகாண் பருவம். அது முடியும்போது மேலாளர் 'திருப்தி' என்று எழுதினால் வேலை நிரந்தரம். 'திருப்தியில்லை' என்று எழுதினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கருணை இரண்டாம் முறை வராது, அதற்கும் விதி இருக்கிறது.

நான்கு மாதம் மீதி இருந்தபோது ஒரு வாடிக்கையாளரின் புகார்க் கடிதம் வந்தது. "இதுக்கெல்லாம் பதில் போட்டா வேற வேலை பார்க்க முடியாது. ஃபைல்ல போட்டு மூடும்மா" என்றார் மேலாளர். அந்தப் பெண்மணியும் மூடினார். அடுத்த மாதம் தலைமை அலுவலகம் அந்தப் புகாரைப் பற்றிக் கேட்டது. "நான் எப்போ மூடச் சொன்னேன்?" என்று மேலாளர் கத்தினார். மாலைக்குள் அந்தப் பெண்மணிக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்துவிட்டது.

எங்கள் இருவருக்கும் ஹார்பர் லைன் ரயில். நான் செம்பூரில் இறங்குவேன். ஆனால் அவர் பெண்கள் பெட்டி, நான் பொதுப் பெட்டி. அதனால் பேச்சு எல்லாம் பிளாட்பாரத்தோடு சரி. அலுவலகத்தில் நான் அவருக்கு சார். பிளாட்பாரத்தில் அண்ணாச்சி.

"சொன்னதும் அவருதான், சொல்லலன்னு ஏசுதவரும் அவருதான். நான் என்ன செய்யட்டும் அண்ணாச்சி?"

அலுவலகத்து இளையவர்கள் போனில் பதிவு செய்யச் சொல்லியிருந்தார்கள். அது நடத்தை விதி மீறல். மேலதிகாரி கத்துவது மீறலா என்பதில் விதி மௌனம், கத்துவதைப் பதிவு செய்வதில் மட்டும் விதி தெளிவு. நான் வேறு வழி சொன்னேன். வாய்மொழியாக வரும் உத்தரவை அன்றே ஒரு குறிப்பாக எழுதி, 'உறுதி செய்ய வேண்டுகிறேன்' என்று மேலே அனுப்பலாம். அது ஊழியரின் உரிமை.

"அவர் சொன்னதை வார்த்தை மாறாம எழுதுங்கோ. சொந்தமா எதுவும் சேர்க்க வேண்டாம்" என்றேன்.

மறுநாள் மாலை நாலரைக்கு முதல் குறிப்பு என் மேஜைக்கு வந்தது. ஆங்கிலத்தில் சுத்தமாகத் தட்டச்சு செய்திருந்தார். காலை பதினொன்று பத்துக்குத் தாங்கள் என்னை 'எருமை மாடு' என்று அழைத்து, கண் அவிந்துபோயிற்றா எனக் கேட்டு, மூன்றாம் பத்தியை மறுபடி அடிக்குமாறு உத்தரவிட்டீர்கள். பத்தி மறுபடி அடிக்கப்பட்டது. மேற்படி உத்தரவை உறுதி செய்ய வேண்டுகிறேன். வசவு தமிழில், ஆங்கில எழுத்தில் இருந்தது. பக்கத்தில் மொழிபெயர்ப்பும் இருந்தது.

கூப்பிட்டேன். "என்னம்மா இது?"

"நீங்கதான சார் சொன்னிய, வார்த்த மாறாம எழுதுன்னு?"

"உத்தரவை மட்டும்மா."

"எது உத்தரவு, எது ஏச்சுன்னு நான் எப்படி சார் பிரிக்க? அவரு எல்லாத்தையும் ஒரே மூச்சுலதான சொல்லுதாரு!"

அந்தக் குறிப்பை அப்படியே கிழித்திருக்கலாம். எனக்கு ஓய்வுக்கு ஒன்பது மாதம் இருந்தது, மேலாளர் பார்த்தால் என்னையும் சேர்த்துத்தான் மெல்வார். ஆனால் கீழிருந்து வரும் குறிப்பை மேலே அனுப்பத்தான் கண்காணிப்பாளருக்கு அதிகாரம், திருத்த அல்ல. கோழைக்கு வசதியான விதிகள் நிறைய உண்டு, வீரத்துக்கு வசதியான விதி எப்போதாவது ஒன்று அகப்படும். ஓரத்தில் ஒரு சுருக்கொப்பம் போட்டேன். என் பணிக்காலத்திலேயே ஆகச் சிறியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கொசு எச்சம் என்று சொல்லித் தப்பலாம்.

கோப்பு ஐந்து மணி அடுக்கில் போயிற்று. மறுநாள் காலை திரும்பி வந்தது. எருமை மாட்டின்மேல் ஊதா மையில், பார்வையிட்டேன், ஒப்புதல். கீழே மேலாளரின் கையெழுத்து, மிக அழகாக.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு, மூன்று குறிப்புகள். "தலைக்குள்ள மூளை இருக்கா, வடாபாவ் இருக்கா?" ஒப்புதல். "உன் இங்கிலீஷைப் பார்த்தா வெள்ளைக்காரன் மறுபடி வந்து மன்னிப்புக் கேப்பான்." ஒப்புதல். நல்ல வாக்கியம்தான், அவரே படித்திருந்தால் ரசித்திருப்பார். பக்க எண் போட்டு, நாடா கட்டி, அலுவலகத்திலேயே ஒழுங்கான கோப்பாக அது வளர்ந்தது.

பத்தொன்பதாம் குறிப்பு வந்த நாளில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மேலாளர் சொன்னதை நானும் கேட்டிருந்தேன். "புருஷன் செத்த புண்ணியத்துல நாற்காலி பிடிச்சவளுக்கு வேலை எங்கேருந்து தெரியும்?" எட்டுப் பேரும் கேட்டோம். எட்டுப் பேரும் கணினித் திரையைப் பார்த்தோம். அந்தப் பெண்மணி அதையும் வார்த்தை மாறாமல் எழுதியிருந்தார். ஆனால் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. அந்த இடத்தை வெற்றாக விட்டிருந்தார்.

வேற்றுமொழிப் பகுதிக்கு மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் தலைமை அலுவலகம் ஏற்காது. நானே மொழிபெயர்த்தேன். மொழிபெயர்த்தவர் கையெழுத்திட வேண்டும் என்பதும் விதி. பெயர், பதவி, தேதியோடு முழுக் கையெழுத்துப் போட்டேன். ஐந்து மணிக்கு அதன்மேலும் முத்திரை விழுந்தது.

தகுதிகாண் அறிக்கை எழுதும் வாரம் வந்தது. மேலாளர் எழுதினார்: 'வாய்மொழி உத்தரவுகளைப் பின்பற்றுவதில்லை. நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கவில்லை.'

"பாதகமா எழுதினா அதுக்கு ஆதாரம் இணைச்சாகணும் சார்" என்றேன்.

"எழவு, இருக்கறதையெல்லாம் இணைச்சு அனுப்பும் ஓய்! இதுக்குமா என்கிட்ட வரணும்?"

என் பணிக்காலத்தில் இவ்வளவு மகிழ்ச்சியோடு எந்த உத்தரவையும் நிறைவேற்றியதில்லை. வாய்மொழி உத்தரவுகள் தொடர்பாக அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு கோப்பு. பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மராத்தி அம்மாள் விசாரணைக்கு வந்தார். கோப்புகளுக்குப் பொறுப்பாளன் என்ற முறையில் நானும் அறையில் இருந்தேன். அவர் முதல் குறிப்பைத் திருப்பிக் காட்டி, "இது உங்கள் கையெழுத்தா?" என்று மேலாளரைக் கேட்டார்.

மேலாளருக்கு இரண்டு வழி. படித்துவிட்டுப் போட்டேன் என்றால் வசவை ஒப்புக்கொண்டதாகும். படிக்காமல் போட்டேன் என்றால் அத்தனை கோப்பும் சந்தேகத்துக்கு உரியதாகும். அவர் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். "மேடம், இவாள்லாம் என் ஃபேமிலி மாதிரி. ஆத்துலயும் நான் இப்படித்தான் பேசுவேன்" என்பதை ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாள் அவர் வீட்டில் இருப்பவர்களுக்காக ஒரு கணம் வருந்தியதுபோல் இருந்தது. பிறகு பத்தொன்பதாம் குறிப்புக்கு வந்தார். என் மொழிபெயர்ப்பைப் படித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை. கோப்பை மூடிவிட்டார்.

மேலாளருக்குத் தண்டனை எதுவும் இல்லை. பயிற்சி மையத்துக்கு மாற்றினார்கள். புதிதாகப் பதவி உயர்வு பெற்ற அதிகாரிகளுக்குப் பணியாளர் உறவு பற்றி அங்கே வகுப்பெடுப்பதாகக் கேள்வி. எங்கள் நிறுவனத்துக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு.

அந்தப் பெண்மணிக்கு நிரந்தர ஆணை வந்தது. அன்று மாலை பிளாட்பாரத்தில் ஆணையைப் பிரித்து, எங்கே நிரந்தரம் என்று எழுதியிருக்கிறது எனக் காட்டச் சொன்னார். காட்டினேன். மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைப்பைக்குள் வைத்தார்.

"அண்ணாச்சி, உங்களையும்தான அவரு தெனமும் ஏசுனாரு. நீங்க ஏன் ஒண்ணுகூட எழுதல?"

"நான் பழகிட்டேன்மா. முப்பத்தாறு வருஷத்துல இவர் ஒன்பதாவது ஆள்."

"நீங்க என்னய மாதிரியா? முன்னாலயே பர்மனென்ட்டுதான?"

"ஆமாம். வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷத்துலயே."

"அப்பொறம் என்னத்துக்குப் பயந்திய?"

வண்டி வந்தது. அவர் பெண்கள் பெட்டியை நோக்கி ஓடினார். நான் என் பெட்டியில் ஏறினேன். வடாலாவில் உட்கார இடம் கிடைத்தது. சுனாபட்டியில் அவர் இறங்கிப் போவதை ஜன்னல் வழியே பார்த்தேன். எதற்குத்தான் பயந்தேன் என்று செம்பூர் வரும்வரை யோசித்தேன்.