நாலாவது கிணற்றடியில் தம்பி

வேலை முடிந்து பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு பஸ்ஸில் வரும்போது போனைத் திறந்தேன். கன்னியா வெந்நீரூற்றுகளை ஒருவர் சுற்றி நடந்து நேரலையில் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் திருகோணமலை. இங்கே இரவு, அங்கே விடிந்துவிட்டது.

"ஏழு கிணறு. ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு," என்றார்.

நாலாவது கிணற்றடியில், அவருக்குப் பின்னால், ஒருவன் ஈர வேட்டியோடு நின்று வாளியால் தலைக்கு வார்த்தான். ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் குளிப்பான், என் தம்பி.

நான் விரும்பிக் கட்டிய நாளிலிருந்து வீட்டில் ஒருவரும் என்னோடு கதைப்பதில்லை. இன்று அவனுக்கு மொட்டைத் தலை.

"பின்னுக்கு நிக்கிறவரைக் கொஞ்சம் காட்டுங்கோ" என்று எழுதினேன்.

"அவை அந்தியேட்டிக்கு வந்தவை அக்கா. இண்டைக்கு முப்பத்தோராம் நாளாம். செத்தவீட்டுக்காரரைக் காட்டுறது சரியில்லை," என்று சொல்லிவிட்டு ஐந்தாவது கிணற்றுக்குப் போய்விட்டார். மரியாதை தெரிந்த மனிதர்.

அப்பாவுக்கு என்றால் அண்ணைதான் மொட்டை அடித்திருப்பார். கடைசி மகன் கொள்ளி வைப்பது அம்மாவுக்கு.

பஸ்ஸில் இருந்தே நாட்களை எண்ணினேன். அம்மா போன அன்று நான் லவாலில் ஒரு கலியாணவீட்டில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் ஆடியதை இங்கே போட்டிருந்த வீடியோவை அழித்துவிட்டேன். "அக்கா, நல்லா ஆடுறீங்கள்" என்று எழுதிய எல்லோருக்கும் நன்றி.

யாராவது அதைப் பகிர்ந்திருந்தால் நீங்களும் அழித்துவிடுங்கோ.

தம்பி ஒருநாள் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலும் பார்ப்பான்.