தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்ன டொக்டர்

முந்தின வருடம் மாரி மழை தொடங்கிய நேரம். எங்கள் சல்லிக் கிராமத்தில் இருந்து பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு நானும் கணவரும் ஆட்டோவில் போனோம். அன்று அவர் கடலுக்குப் போகவில்லை. எனக்கு இரண்டு மாதம் கடந்திருந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் கொஞ்சம் இரத்தம் பட்டிருந்தது. முதல் பிள்ளையும் இப்படித் தொடங்கித்தான் கலைந்தது.

அங்கே ஸ்கான் பார்க்கத் தனி நிபுணர் கிடையாது. ஓர் இளம் பெண் டொக்டர்தான் பார்த்தார். குறுகிய பயிற்சி ஒன்று எடுத்துவிட்டு அண்மையில்தான் மெஷினைத் தொடத் தொடங்கியதாக அவரே சொன்னார். பழகுவதற்கு என் வயிறுதானா கிடைத்தது என்று எனக்குள் எரிச்சல்.

குளிர்ந்த ஜெல்லைப் பூசி, கருவியை அடிவயிற்றில் வைத்து அங்குமிங்கும் நகர்த்தினார். திரை முழுக்கச் சாம்பல் நிறம். அவர் திரும்பத் திரும்ப அதையே உற்றுப் பார்த்தார். பொறுக்க முடியாமல், பிள்ளை இல்லையா என்று கேட்டுவிட்டேன்.

"இல்லையெண்டு நான் சொல்லேல்ல அக்கா. எனக்குத் தெரியேல்ல, அவ்வளவுதான்," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உள்ளுக்கு வர முதல் சலம் போனனீங்களோ?" என்று கேட்டார்.

ஓம், போயிருந்தேன். கர்ப்பிணி கிளினிக்கில் போனவுடன் பரிசோதனைக்குச் சிறுநீர் பிடித்துக் கொடுத்துப் பழகியவள் நான். அன்றைக்கும் ஒருவரும் கேட்காமலே போத்தலில் பிடித்துக்கொண்டு, மிச்சத்தையும் விட்டுவிட்டு வந்திருந்தேன். சலப்பை நிரம்பியிருந்தால்தான் குடல் விலகி, கர்ப்பப்பை தெளிவாகத் தெரியுமாம். தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். அதற்குப் பிறகும் தெரியாவிட்டால் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவதாகவும் சொன்னார்.

வெளியே வாங்கில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். விஷயம் முழுதாக விளங்காமலே கணவர் போத்தல் போத்தலாக வாங்கி வந்தார். இனி அடக்க ஏலாது என்ற நிலையில் மறுபடி போய்ப் படுத்தேன்.

இந்த முறை திரையில் குளம் போலக் கறுப்பாகச் சலப்பை. அதற்குக் கீழே ஒரு சின்னப் பை. அதற்குள் கச்சான் கடலைப் பருப்பளவில் ஒன்று, அதன் நடுவில் மினுக் மினுக்கென்று ஒரு துடிப்பு.

"பாருங்கோ அக்கா, அதுதான் பிள்ளையின்ர இதயம்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சிரிக்கவும் பயம், அந்தளவுக்குச் சலம் முட்டிக்கொண்டிருந்தது. கழிவறைக்கு ஓடிய என்னைக் கண்ட கணவர் எல்லாம் முடிந்ததென்றே நினைத்துவிட்டார். திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னதும் மிஞ்சிய தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

மகளுக்கு இப்போது பல் முளைத்துவிட்டது, தோளைக் கடிக்கிறாள். யாராவது தங்களுக்குத் தெரியவில்லை என்று சொன்னால் முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போது அப்படிச் சொல்கிறவரைத்தான் முதலில் நம்புகிறேன்.