காரில் மூன்று பேர்

என் பெயர் தொபிலே. எங்கள் பாஷையில் அடக்கமானவள் என்று பொருள். பெயர் வைத்தவர்கள், நான் பேச ஆரம்பிக்கும் வரை கொஞ்சம் பொறுத்திருக்கலாம். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் தெரியாது. ஆனால் இது என் கதை இல்லை, என் பெரியப்பா மகள் கபோனினா அக்காவின் கதை.

மன்சினி பஸ் நிலையத்தில் மாட்டுத் தலைக்கறியும் மக்காச்சோளக் களியும் விற்கிறவள் அக்கா. எங்கள் சுவாசிலாந்தில் அவள் பானையைத் தாண்டாமல் பஸ் ஏறியவன் குறைவு. ஒருமுறை நகராட்சி ஆட்கள், நடைபாதையில் அடுப்பு வைக்கக் கூடாது என்று பானையைத் தூக்கிப்போக வந்தார்கள். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. பானையை இறக்கி, மூடியைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். சூடு தாங்காமல் ஒரு சாக்கை மடித்து அடியில் போட்டுக்கொண்டாளே தவிர எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் அந்த ஆட்கள் திரும்பிப் போகும்போது அதில் இரண்டு பேர் அவளிடமே களி வாங்கித் தின்றுவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான் அக்கா. பிடித்தால் உடும்புப் பிடி.

அவளுக்கு ஒரே தம்பி, மெலுசி. என்னைவிட மூத்தவன், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எல்லையைத் தாண்டித் தென்னாப்பிரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தான். ஒரு நாள் வேலை முடிந்து மேலே வந்தவர்களை எண்ணியபோது எவனோ ஒருவனை இரண்டு தடவை எண்ணிவிட்டார்கள். எண்ணிக்கை சரி என்று எழுதிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். மெலுசி கீழே பாறைக்கு அடியில் கால் சிக்கிக் கிடந்தான். மறுநாள் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. பாவிகள்! சந்தையில் ஆட்டை எண்ணுகிறவன்கூட ஒருமுறைக்கு இருமுறை எண்ணுவான்.

உடம்பு வந்தது, புதைத்தோம். ஆனால் ஆள் வரவில்லை. பெரியம்மாவின் கனவில் அவன் வேலிக்கு வெளியிலேயே நின்றான். "உள்ள வாடா"ன்னு கூப்பிட்டால், வழி தெரியாதவன்போல விழித்தானாம். அன்றிலிருந்து பெரியம்மா வீட்டு வெளிக்கதவைத் தாழ் போட விடுவதில்லை. அதற்கு முன்பெல்லாம் தினமும் இருட்டும்போது, எல்லாரும் வந்தாச்சா என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிற பழக்கம் அவருக்கு. கேட்பதையும் விட்டார், சாத்துவதையும் விட்டார். மாடு தோட்டத்தில் இறங்கி மேய்ந்தது, நாய் வந்து கோழியைத் தூக்கியது, அப்படியும் கதவு திறந்தே கிடந்தது.

வெளியூரில் செத்தவனை அழைத்துவர எங்களுக்கு ஒரு முறை உண்டு. இலந்தை ஜாதி முள்மரம் ஒன்று. அதன் கொம்பை ஒடித்துக்கொண்டு போய், செத்த இடத்தில் தொட்டு, பெயர் சொல்லி எழுப்பிக் கூட்டி வர வேண்டும். கொம்பைச் சுமக்கிறவர், வீட்டில் கொண்டுபோய் வைக்கும்வரை செத்தவரோடு மட்டும்தான் பேசலாம். வேறு யாரோடும் ஒரு வார்த்தை பேசினால் போச்சு, அந்த இடத்திலேயே அவர் இறங்கிவிடுவார். பாலமோ வளைவோ வந்தால் அவருக்குச் சொல்ல வேண்டும். அவருக்கும் ஓர் இடம், அவருக்கும் ஒரு சாப்பாடு.

ஆம்பளைதான் போகணும் என்று எங்கள் மாமா ஒருவர் குடும்பக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினார். அக்கா கேட்டாள்: "சரி மாமா, நாளைக்குக் காலைல வண்டி தயாரா நிக்கும். வர்றீங்களா?"

மாமாவுக்கு உடனே முழங்கால் வலி வந்துவிட்டது. "அப்ப நானே போறேன்" என்றாள் அக்கா. ஓட்டுவதற்கு நான், என் பழைய கார்.

சுரங்க வாசலில் இருந்த காவலாளி நல்லவன், கேள்வி கேட்காமல் உள்ளே விட்டான். அக்கா சுரங்கக் குழியின் வாயருகே கொம்பைத் தரையில் தொட்டு, "மெலுசி, எழுந்திருடா. வீட்டுக்குப் போலாம். அம்மா கூப்பிடறாங்க" என்றாள். என் வாய்கூட அப்போது மூடித்தான் இருந்தது. திரும்பி வந்து பின் சீட்டில் கொம்பை வைத்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கப்புறம் வழி நெடுக நானே கேள்வி, நானே பதில். பின்னாலிருந்து, "மெலுசி, லாரி போகுது பாரு," "மெலுசி, பாலம் வருது" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. சாலையோரக் கடையில் நான் இரண்டு டீயும் இரண்டு தட்டு பொரித்த மாவு உருண்டையும் வாங்கி வந்தேன். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பால் திரிந்துவிடும். திரும்பிப் போய் மூன்றாவது வாங்கினேன். அடுத்த பெட்ரோல் பங்கில் கழிப்பறைக்கு மூன்று பேருக்குக் காசு கொடுத்தேன். வாசலில் இருந்தவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள், நினைத்துக்கொள்ளட்டும். எல்லைக்கு வருவதற்குள் மூன்று என்பது என் வாயில் பழகிவிட்டது.

தென்னாப்பிரிக்கப் பக்கம் ஒரு தொல்லையும் இல்லை. அங்கிருந்த அதிகாரி அம்மாள் எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டிலும் முத்திரை குத்தினாள், அக்கா கையிலிருந்த கொம்பைப் பார்த்தாள், தலையைக் குனிந்து வழிவிட்டாள். "மெலுசி, இப்ப நம்ம மண்ணுக்குள்ள போறோம்" என்று அக்கா சொன்னாள்.

நம் மண்ணில்தான் வந்தது வினை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. வேலைக்குப் போனவர்களெல்லாம் மெத்தையும் மாவு மூட்டையுமாக வீடு திரும்புகிறார்கள், வரிசை வாசலைத் தாண்டி நின்றது. கவுன்டரில் இளவயது அதிகாரி ஒருவன், சட்டையில் மகாகுலா என்று பெயர். இரண்டு பாஸ்போர்ட்டையும் குத்தினான். கடைசியாக, வண்டிக்கான வெளிவாசல் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமலே கேட்டான்.

"வண்டில எத்தனை பேரு?"

"மூணு."

தலையைத் தூக்கினான். "மூணாவது பாஸ்போர்ட் எங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, என் வாயே! ரெண்டுதான், வாய் தவறிடுச்சு என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பிடி என்றால், இரும்புப் பிடி.

மகாகுலா கொம்பைக் கவனித்துவிட்டான். குரலைத் தாழ்த்தினான். "யக்கா, எனக்குத் தெரியாதா? எங்க தாத்தாவையும் இப்படித்தான் கூட்டிட்டு வந்தோம். கொம்பு தாராளமா போகட்டும். சீட்டுல மட்டும் ரெண்டுன்னு போட்டுக்கறேன்." எழுதினான், எங்கள் பக்கம் தள்ளினான்.

அக்கா ஒரு விரலால் அதை அவன் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"என்னக்கா இது? போன மாசம் ஒருத்தன் டிக்கிக்குள்ள ஆளை ஒளிச்சுக் கூட்டிட்டுப் போனான். எண்ணிக்கை தப்பா எழுதினவன் வேலையில்லாம வீட்ல உக்காந்திருக்கான். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. "ஏன்யா, அடுத்த நாட்டுக்காரி தலை குனிஞ்சு வழி விட்டா. சொந்த நாட்டுக்காரன் நீ மறிக்கிற! சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்ங்கிற கதையா இருக்கு!"

"நான் மறிக்கலையே! ரெண்டுன்னு எழுதினா இப்பவே போலாம்ங்கறேன்."

"ரெண்டுன்னு எழுதினா ரெண்டு பேர்தான்யா வீடு போய்ச் சேருவோம்!"

பின்னால் மெத்தையைத் தலையில் வைத்திருந்த ஒருவன் கத்தினான். "ரெண்டோ மூணோ, எதையாவது எழுதித் தொலைங்கப்பா! தலை வலிக்குது!"

அவனுக்குப் பக்கத்தில் போர்வை போர்த்திய அம்மாள் ஒருத்தி அவன் விலாவில் இடித்தாள். "வாயை மூடு. ஆளோட வந்திருக்காங்க, தெரியல? மெத்தையைக் கீழ வையி." மெத்தை கீழே இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக வரிசை முழுக்கச் சத்தம் அடங்கியது.

மகாகுலா பேனாவைக் கீழே வைத்தான். அவன் அக்காவையே நேராகப் பார்த்தான். "நீங்களாவது சொல்லுங்கக்கா. ரெண்டுன்னு ஒரே ஒரு வார்த்தை."

அவள் அவனுக்குப் பதில் சொல்லிவிட்டால் மெலுசி அண்ணன் இந்தக் கவுன்டரிலேயே நின்றுவிடுவான். சொல்லாவிட்டால் நாங்கள் மூன்று பேரும் இங்கேயே நிற்க வேண்டியதுதான். வீட்டில் பெரியம்மா திறந்த கதவருகே உட்கார்ந்திருப்பார்.

அக்கா அவனைப் பார்க்கவில்லை. கொம்பைத் தோளோடு சாய்த்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"மெலுசி, கேட்டுக்கு வந்துட்டோம்டா. இந்தத் தம்பி நல்ல பையன்தான், கோவிச்சுக்காத. வண்டில எத்தனை பேருன்னு கேக்கறாரு. அன்னிக்குச் சுரங்கத்துலயும் இப்படித்தான் எண்ணினாங்க. எல்லாரும் மேல வந்தாச்சு, எண்ணிக்கை சரின்னு எழுதிக் கதவைச் சாத்தினாங்க. நீ கீழ கிடந்த. கூப்பிட்டிருப்ப. யாருக்கும் கேக்கல."

கொம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை உன்னை விட்டுட்டு எண்ண நான் விடமாட்டேன்டா. இங்கயே நிப்போம். விடிஞ்சாலும் நிப்போம். நீ பயப்படாத, அக்கா எங்கயும் போகல."

ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். சுரங்கத்திலிருந்து அவன் துணிமணியோடு திருப்பி அனுப்பிய பாஸ்போர்ட் அது. அவள் அதைக் கொண்டு வந்திருப்பது எனக்கே தெரியாது. கவுன்டரில் வைத்தாள்.

"இந்தா மெலுசி, உன் பாஸ்போர்ட். இந்த கேட்டு வழியாத்தான் போன. போனதுக்கு முத்திரை இருக்கு, வந்ததுக்குத்தான் இல்ல."

மகாகுலா அதைத் திறந்தான். பக்கத்தைப் புரட்டினான், மறுபடி முதல் பக்கத்துக்கே வந்து போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தான். போட்டோவில் மெலுசி அண்ணன் சிரிக்கக் கூடாது என்று சொல்லியும் அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பான். பின்னால் போர்வைக்கார அம்மாள் மூக்கை உறிஞ்சினாள். நான் அழவில்லை. சரி, அழுதேன்.

அவன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். விரலை நீட்டி எங்களை எண்ணினான். என்னை ஒன்று. அக்காவை இரண்டு. செத்தவரை விரலால் சுட்டக் கூடாது என்று, கொம்பின் பக்கம் திறந்த கையைக் காட்டி, "மூணு" என்றான். பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினான். மூன்று பேர், ஒருவருக்கு முத்திரை தேவையில்லை. கீழே தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"மேல இருந்து கேட்டா நான் பாத்துக்கறேன்" என்று என்னிடம் சொன்னான். மெலுசியின் பாஸ்போர்ட்டை வலது கையில் எடுத்து, இடது கையால் அந்தக் கையைத் தாங்கி, பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல அக்காவிடம் கொடுத்தான். அவனைத் திட்டியதற்கு என் வாய் கொஞ்சம் கூசியது. கொஞ்சம்தான்.

வெளிவாசல் தடுப்பில் ஒரு சிப்பாய். சீட்டை வாங்கி உதட்டை அசைத்துப் படித்தான். குனிந்து உள்ளே பார்த்தான். முன்னால் நான், பின்னால் அக்கா. "மூணுன்னு போட்டிருக்கு. இன்னொரு ஆளு?"

அடுத்த சண்டைக்கு நான் மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து குரல் வந்தது. "மெலுசி, கையைத் தூக்குடா."

அக்கா கொம்பை உயர்த்திக் காட்டினாள். சிப்பாய் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, தடுப்பை அவனே தூக்கிவிட்டான்.

வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. கதவு வழக்கம்போலத் திறந்து கிடந்தது. பெரியம்மா வாசலில் நின்றிருந்தார், ஒன்றும் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். அக்கா நேராகப் பெரிய குடிசைக்குள் போனாள். உள்சுவர் ஓரமாக முன்னோர்களுக்கான இடத்தில் கொம்பை வைத்தாள். "வந்துட்டோம்டா. இதுதான் வீடு" என்று சொல்லி, கொஞ்ச நேரம் அங்கேயே மண்டி போட்டிருந்தாள்.

வெளியே வந்ததும், நாளெல்லாம் பூட்டிக் கிடந்த வாயை முதலில் என்மேல்தான் திறந்தாள். "ஏண்டி தொபிலே, அவனோட டீயைக் குடிச்சது நீதானே?"

"ஆறிப்போச்சுக்கா, வீணாப் போகுதேன்னு..."

"கண்ணாடில பாத்தேன்டி, கழுதை." சொல்லிவிட்டு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மாமா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்து, எல்லையில் தொந்தரவு ஒன்றும் இல்லையே என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு! ஆனால் நான் பதில் சொல்வதற்குள் பெரியம்மா பேசினார். அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"எல்லாரும் வந்தாச்சா?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வந்தாச்சும்மா. எண்ணிக்கை சரி."

பெரியம்மா நடந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.