கொலோன் கோபுரத்தில் ஏறிய நாள்

பாரிஸில் பிறந்து வளர்ந்தும், எட்டு வயது வரைக்கும் நான் வேறொரு நாட்டைப் பார்த்ததில்லை. ஆனால் வெளிநாட்டுக்குப் போகும் ரயில்களைத் தினமும் பார்த்தேன். லாச்சப்பல் பகுதியில் ஒரு சேலைக்கடைக்கு மேலே, ஒற்றை அறையில் குடியிருந்தோம். தெருமுனைப் பாலத்தில் நின்றால் கார் து நோர் நிலையத்துக்குப் போகிற தண்டவாளங்கள் எல்லாம் காலடியில் கிடக்கும். சாம்பல் நிற ரயில்கள் பக்கத்துப் புறநகர்களான சென் தெனிக்கும் செவ்ரானுக்கும் போகிறவை. அவற்றை நான் மதிப்பதில்லை. சிவப்பு ரயில்தான் ஜெர்மனிக்குப் போவது. அது வந்தால் அப்பாவின் கையை விட்டுவிட்டுக் கம்பியில் தொற்றிக்கொள்வேன்.

அதனால், "வாற சனிக்கிழமை சிவப்பு ரயிலிலை கொலோனுக்குப் போறம், பெரிய பழைய தேவாலயம் ஒண்டு பாக்க" என்று அப்பா சொன்னபோது, ஏன் திடீரென்று தேவாலயம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நாங்கள் சிவன் கோயிலுக்கே திருவிழாவுக்குத்தான் போகிறவர்கள்.

கொலோனுக்குப் பக்கத்தில் பெரியம்மாவும் பெரியப்பாவும் இருந்தார்கள். சண்டைக் காலத்தில் அம்மாவை ஊரிலிருந்து வெளியே எடுத்துவிட்டது அவர்கள்தான். "அக்கா இல்லாட்டி நான் இண்டைக்கு உயிரோடை இல்லை" என்பதை அம்மா வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வாள். அந்த வாரம் பெரியம்மா அடிக்கடி தொலைபேசியில் கதைத்தாள். அம்மா தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுச் சமைத்துக்கொண்டே கேட்பதால் பெரியம்மாவின் குரல் அறை முழுவதும் கேட்கும். ஒருநாள் அவள் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

"உனக்குத்தான் ஒண்டு இருக்கே, தங்கச்சி. எனக்கு இனி வராது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். நீ வேலைக்குப் போகாட்டி அந்த வேலையும் போயிடும். யோசிச்சுப் பார்."

நானும் யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றாக இருந்த சாமான்கள் பல: ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு பிரஷர் குக்கர். பெரியம்மா குக்கரைத்தான் கேட்கிறாள் என்று முடிவு செய்தேன். அம்மா ஏன் அதற்குப்போய் வெங்காயம் உரிக்காமலே அழுகிறாள் என்பதுதான் பிடிபடவில்லை.

ரயில் நான் நினைத்ததைவிட வேகமாகப் போனது. வயல்களும் மாடுகளும் காற்றாடிக் கோபுரங்களும் வந்த வேகத்திலேயே மறைந்தன. "அம்மா, அங்கை பாருங்கோ!" என்று ஒவ்வொன்றுக்கும் கத்தினேன். "ஓம், ஓம்" என்றாள். ஒருமுறைகூட யன்னல் பக்கம் திரும்பவில்லை. அவள் மடியில் தம்பி படுத்திருந்தான். பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. புதுக் கம்பளிச் சட்டை, புதுத் தொப்பி. அவள் அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பாள், அவன் மூடிக்கொள்வான், திரும்ப விரிப்பாள். அவன் வந்த பிறகு அந்த மடியில் எனக்கு இடமில்லாமல் போயிருந்தது. அன்றைக்கு எனக்கு அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் தேவாலயம் முன்னாலேயே நின்றது. கரி படிந்த கறுப்பு. இரண்டு கோபுரங்களையும் அண்ணாந்து பார்த்ததில் என் தொப்பி பின்னால் விழுந்தது. "அறுநூறு வருஷமாக் கட்டினவங்களாம்" என்றார் அப்பா.

பெரியம்மாவும் பெரியப்பாவும் குழந்தையைப் படுக்கவைக்கிற ஒரு புதிய தள்ளுவண்டியோடு காத்திருந்தார்கள். பெரியம்மா யாரையும் நலம் விசாரிக்கவில்லை. நேரே வந்து தம்பியை வாங்கினாள்.

"கழுத்தைப் பிடிச்சுத் தூக்குங்கோ, அக்கா" என்றாள் அம்மா.

"அது எனக்குத் தெரியாதோ?" என்றாள் பெரியம்மா.

தேவாலய வாசலில் அம்மா செருப்பைக் கழற்றப் போனாள். பெரியப்பா தடுத்தார். உள்ளே அவள் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். எரிந்துகொண்டிருந்த மற்ற மெழுகுவர்த்திகளுக்கு நடுவே அதை நிற்க வைக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

"வா பிள்ளை, நாங்கள் மேலை ஏறுவம்" என்றார் அப்பா. அம்மா வரவில்லையா என்று கேட்டேன். "அவ நிக்கட்டும்" என்று பெரியம்மாதான் பதில் சொன்னாள். "நீங்கள் ரெண்டு பேரும் ஆறுதலா, அவசரப்படாமல் போயிட்டு வாங்கோ."

கோபுரத்துக்குள் படிகள் சுழன்று சுழன்று போயின. உணவகச் சமையலறையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிற அப்பா, அன்றைக்கு வளைவுக்கு வளைவு நின்றார். பெரிய மணியைக் காட்டி, நான் கேட்காத விளக்கமெல்லாம் சொன்னார். உச்சியில் காற்று முகத்தில் அடித்தது. கீழே ஆறு, ஆற்றுக்கு மேலே இரும்புப் பாலம், பாலத்தில் ரயில்கள். "அப்பா, எங்கடை சிவப்பு ரயில்!" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் ஆற்றுப் பக்கம் வரவே இல்லை. சதுக்கத்தைப் பார்த்தபடி, வலைக்கம்பியில் விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றார். உயரத்துக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

"பயப்பிடாதேங்கோ அப்பா. கம்பி இருக்குதுதானே. விழமாட்டீங்கள்."

அவர் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். மூச்சு முட்டியது.

நாங்கள் இறங்கி வந்தபோது அம்மா வாசற்படியில் தனியே இருந்தாள்.

"தம்பி எங்கை?"

"பெரியம்மாவோடை போயிட்டான்."

"எப்ப வருவான்?"

"கொஞ்ச நாளிலை வந்திடுவான், குஞ்சு" என்றார் அப்பா.

"பிள்ளைக்குப் பொய் சொல்லாதேங்கோ" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு இருவரும் எனக்குப் பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. அப்பா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். அந்தக் குளிரில் ஐஸ்கிரீம் கேட்டால் வழக்கமாக அடிதான் விழும்.

அவன் ஜெர்மனியிலேயே வளர்ந்தான். பெரியம்மா அவனை நன்றாகவே வளர்த்தாள்; நல்ல படிப்பு, நல்ல பழக்கம். குறை சொல்ல ஏதாவது கிடைத்திருந்தால் அம்மா அதைப் பிடித்துக்கொண்டாவது காலத்தை ஓட்டியிருப்பாள். அதற்கும் வழியில்லை. என் கல்யாணத்துக்கு வந்தவன் மண்டபத்தில் அம்மாவைத் தேடிப் பிடித்து, "சின்னம்மா, குடிக்கத் தண்ணி கிடைக்குமோ?" என்று தட்டுத் தடுமாறித் தமிழில் கேட்டான். அம்மா கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பெரியம்மா வந்து அவன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்து கூட்டிக்கொண்டு போனாள்.

கொலோனிலிருந்து திரும்பி வருகிற ரயிலில், அம்மாவின் மடி எனக்குக் கிடைத்தது. நான் ஏறிச் சுருண்டு, அவள் நெஞ்சில் கன்னம் வைத்துப் படுத்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களுக்குப் பின்னால் எங்கோ ஒரு குழந்தை அழத் தொடங்கியது. யாருடைய குழந்தையோ. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அழுகை நிற்கவில்லை. சற்று நேரத்தில் என் கன்னத்தில் ஈரம் பட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அம்மாவின் சட்டை நெஞ்சுப் பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது.

"அம்மா, தண்ணி ஊத்துப்பட்டுப் போச்சோ?"

அவள் கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள். அப்பா எழுந்து போய்ப் பெட்டிக் கதவருகே எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். பாரிஸ் வரும்வரை அவர் திரும்பி வரவில்லை.

நான் பைக்குள் கைவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை எடுத்துப் பார்த்தேன். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் இன்னும் நன்றாக இறுக்கி வைத்துவிட்டு, இனி ஒழுகாது என்று அம்மாவுக்குச் சொன்னேன்.